கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்; அப்புறம் திட்டுகிறவர்கள் திட்டலாம். செங்கல்பட்டு ஜில்லாவிலுள்ள நாற்பது கோயில்களைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினேன். அந்த நாற்பதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மயிலாப்பூரை விட்டு அசையாமல், கச்சேரி ரோடில் ஒரு அச்சாபீஸ் மாடியில், விசுப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டைக் காலத்தில் அநாவசியமாக ரயிலில் போகாதே, போகாதே என்று ஜனங்களை வீட்டிலேயே உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. “ஜனங்களுக்கு ஊர் சுத்தணும்னு நமைச்சல் எடுத்திருக்குங்காணும். கோயில், குளம், குகை எல்லாம் வச்சு ஒரு கைடு போடுவோம். பங்குனித் திருவிழாவுக்குள்ள கைக்கு வரணும்” என்றார். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேனே என்றேன். “நீர் போய்ப் பார்த்துட்டு வந்து எப்ப எழுதறது? கோயில் எங்கே ஓடிடப் போறது? எழுதும்” என்றார். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். வெயிலில் அலைய யாருக்கு ஆசை!

கையில் இருந்தது நாலைந்து பழைய ஸ்தல புராணம், ஒரு ரயில்வே அட்டவணை, ஒரு ஜில்லா படம், போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் எப்போதோ சுற்றிவிட்டு வந்து விற்ற ஒரு கட்டு கண்ணாடி நெகடிவ்கள். மிச்சத்துக்கு என் கற்பனை இருந்தது. குளம் என்றால் ‘வற்றாத திருக்குளம்’. மண்டபம் என்றால் ‘அழகிய நூற்றுக்கால் மண்டபம்’. குன்று என்றால் ‘எளிதில் ஏறலாம்’. ஜில்லா படத்தில் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் அடங்கினால் ‘ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம்’. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நானோ அந்தச் சுரைக்காயை வைத்துக் கல்யாணப் பந்தியே போட்டுவிட்டேன்.

அந்த நாற்பதில் ஒரு சின்ன ஊர். அதன் பேர் இங்கே வேண்டாம். அந்த ஊரை ஒரு தடவை கெடுத்தது போதும். அந்தக் கோயில் நடராஜரின் படம் ப்ரூஃபில் வந்தது. பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டது. எல்லா ஊரிலும் நடராஜர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுவார். இவரோ இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருந்தார்! மதுரை வெள்ளியம்பலத்தில் அப்படிக் கால் மாறி ஆடுகிறார் என்பது ஊரறிந்த சங்கதி. நம்ம சென்னைப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே ஒருவரா? படத்தில் பீடத்தின் மேல் ஏதோ எழுத்து வேறு இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றால் என்ன, ‘இதுவரை எவராலும் படிக்கப்படாத பழங்காலக் கல்வெட்டு’ என்று எழுதினேன். கால் மாறியதற்கு ஒரு கதையும் கட்டினேன்: தூக்கிய திருவடி வலிக்குமே என்று ஒரு ஏழைப் பக்தை அழுதாளாம், அவளுக்காக ஸ்வாமி அந்தக் காலைக் கீழே வைத்தாராம். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் திமிரை என்னவென்று சொல்ல!

அறுபத்துமூவர் கூட்டத்தில், நான்கு மாட வீதியிலும் புத்தகம் சுடச்சுடப் போயிற்று. எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாம் பதிப்புக்குக் காகிதம் தேட வேண்டும் என்று முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார்.

திருவிழா முடிந்த வாரம் ஒரு அம்மாள் அச்சாபீஸ் படியேறி வந்தாள். சாந்தோமைத் தாண்டிப் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அன்றைக்குக் கூடை இல்லை; தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி வந்திருந்தாள். கையில் என் புத்தகம்.

“இன்னா நைனா, இத்த எழுதினது நீதானா?”

நான்தான் என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவளுக்கு ஒரே பெண், ஒன்பது வயசு. மூன்று வயசில் காய்ச்சல் கண்டு இடது கால் சூம்பிப் போயிற்று. பெரியாஸ்பத்திரியில் இனிமேல் இவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள். குப்பத்து வாத்தியாரிடம் நாலு எழுத்துப் படித்த அந்தப் பெண்தான் இந்தப் பக்கத்தை ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“நான் கபாலி கோயில்ல பாத்தேன், திருவான்மியூர்ல பாத்தேன். அல்லா எடத்துலயும் சாமி எடது கால தூக்கிக்கினுதான் கீறாரு. இங்கதான் நைனா கீழ ஊனிக்கினு கீறாரு. எம் பொண்ணுக்கும் அதே எடது காலுதான். ஊன மாட்டேங்குது. ஒரு ஏழப் பொம்பள அய்தான்னு கால எறக்கி வெச்ச சாமி, நான் அய்தா கேக்க மாட்டாரா? ஒரு தபா அவுரு முன்னால இவள நிறுத்திட்டா போதும்.” சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். “நீ பாத்தியா நைனா? உன் கண்ணால பாத்தியா?”

பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். “பார்த்தேன்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் கழித்தும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்கிறேன். அவள் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். வருகிற திங்கட்கிழமை கிளம்புவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை நான் திருவல்லிக்கேணியில் பிளாக் செய்யும் பாயிடம் போனேன். ஜிங்க் தகட்டில் படம் எடுத்துக் கொடுக்கிறவர். எங்கள் புத்தகத்துப் படமெல்லாம் அவர் கடையில் ஆனவைதான். நடராஜர் பிளாக் தேய்ந்துவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டும் என்று கொடுத்தேன். பாய் அதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டென்று அவர் முகம் மாறிற்று.

“ஸார், இந்தத் தகட்டைப் படிங்க.”

தகட்டில் பீடத்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ‘இந்தப் பீடம் உபயம்’ என்று சாதாரணத் தமிழ். கீழே யாரோ ஒரு செட்டியார் பேர், ‘சுபகிருது வருஷம்’. அப்பா காலத்துச் சமாசாரம்! அதுதான் என் பழங்காலக் கல்வெட்டு.

“அட, படிக்க முடிகிறதே!” என்றேன், அசடு மாதிரி.

“அதான் ஸார் வம்பு. பிளாக்குல எழுத்து இடவலம் மாறி இருக்கணும். அப்பதான் காகிதத்துல நேரா விழும். இது பிளாக்குலயே நேரா இருக்கு. பிளாக் பண்றப்ப ஃபிலிமைத் திருப்பி ஒட்டிட்டாங்க. யா அல்லா, எங்க கடைத் தப்புதான்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே நிமிர்ந்து, “ஆனா ஸார், ப்ரூஃப் நீங்க பார்த்தீங்களே? நேர்ல பார்த்த ஆளுக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்குமே?” என்று கேட்டார். மனுஷர் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் படியிறங்கிவிட்டேன்.

ஸ்வாமி காலை மாற்றவில்லை. பக்தையும் இல்லை, கதையும் இல்லை. திங்கட்கிழமை ஒருத்தி ஊனமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டினப்பாக்கம் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். அவள் குடிசை வாசலில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தி தேங்காய் கொண்டுவந்திருந்தாள், ஒருத்தி கற்பூரம், இன்னொருத்தி தன் மகளின் புதுப் பாவாடை. நடுவில் அந்தக் குழந்தை உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தது. “இவருதான் எழுதினவரு” என்று ஆத்தாக்காரி சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாயைத் திறந்தேன். வந்தது வேறு வார்த்தை.

“வழி புதுசு உங்களுக்கு. நானும் கூட வருகிறேன்.”

என்னவோ எனக்குப் பழகின வழி மாதிரி! கட்டுமரத்துக்குப் போகிற அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக டிராம் ஏறி எழும்பூர் போய் ரயில் பிடித்தோம். இறங்கின ஸ்டேஷனில் எங்கள் மூவரையும் போர்ட்டரையும் தவிர ஈ காக்கை இல்லை. கொடி பிடித்திருந்த போர்ட்டரிடம் கோயிலைக் கேட்டேன். “கோயிலா? நாலு மைலு. வண்டி சந்தை நாள்லதான் கிடைக்கும்” என்றான். சித்திரை வெயில். நான் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். ஆத்தாக்காரி தேங்காய்க் கூடையோடு பின்னால் வந்தாள். இங்கிருந்து யார் கூப்பிட்டால் அங்கே யாருக்குக் கேட்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் குழந்தை சாமானியப்பட்டதில்லை. என் தலைமேல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, என் காதில் செருகியிருந்த துண்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தது.

“‘வற்றாத திருக்குளம்’னு போட்டுகீது மாமா. ஆடு மேயுதே?”

“கோடைக்காலம்மா” என்றேன்.

குன்றுப் பக்கம் வந்தோம். உச்சியில் சமணர் படுக்கை இருக்கிறது, எளிதில் ஏறலாம் என்று நான் எழுதியிருந்தேன். நெட்டுக்குத்தாகப் பாறை, சுற்றிலும் காரைமுள். ஒரு வெள்ளாடே ஏற முடியாமல் திரும்பி வந்தது. தலைக்கு மேல் பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மண்டபம். “ஒண்ணு, ரெண்டு…” என்று எண்ணத் தொடங்கிற்று. “மாமா, முப்பத்தாறு தூண்தான் கீது. மீதி எங்க?”

“உன் வாய மூடு, பெரியவருகிட்ட” என்று ஆத்தாக்காரி அதட்டினாள். அவள் இன்னும் என்னை நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏரிக்கரை மேல் நடக்கும்போது மதகுக் கல் ஒன்று வந்தது. அதன் பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் செதுக்கியிருந்தது. என் புத்தகத்தில் அது இல்லை. எந்தப் புராணத்திலும் இல்லையே, எங்கிருந்து எழுதுவேன்? ஆத்தாக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள்.

“கெளுத்தி. மீசையப் பாரு, முதுகுல முள்ளப் பாரு. செஞ்சவன் மீன நல்லா பாத்துட்டு செஞ்சுகீறான் நைனா.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோயிலில் குருக்கள் ஒருத்தர்தான் இருந்தார். வயசானவர், நடை சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடராஜரைப் பார்க்க வேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

“நீங்களும் அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துட்டு வந்தவாளா? பத்து நாளா இதே பாடு. வரா, பாக்கறா, கால் மாறலியேன்னு என்னைப் போட்டுத் திட்டிட்டுப் போறா. நான் என்ன, ராத்திரி வந்து காலை மாத்தி வச்சேனா? எந்தப் படுபாவி எழுதினானோ, இங்க வந்து எட்டிக்கூடப் பார்க்காம!”

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து தீபத்தை உயர்த்தினார்.

நடராஜர் எல்லா ஊரிலும் போலத்தான் ஆடிக்கொண்டிருந்தார். வலது கால் கீழே. இடது கால் மேலே. பீடத்தில் உபயக்காரர் பேர் நேராக, அழகாக.

குழந்தை என் தோளிலிருந்து இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆத்தாக்காரி படத்தைப் பார்த்தாள், ஸ்வாமியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“அந்தப் படுபாவி நான்தான்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம் திரும்பிப் போனது, பக்தை கதையை நானே கட்டியது, சனிக்கிழமையே எனக்குத் தெரிந்தது, எதையும் விடவில்லை. குருக்கள் தீபத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த ஏழப் பொம்பள?” என்று கேட்டாள் அவள்.

“இல்லை அம்மா. அப்படி யாரும் இல்லை.”

குழந்தை ஆத்தாளின் முந்தானையை இழுத்தது. “எம்மோவ், சாமியும் ஒத்தக் கால்லதான் நிக்குது. பாரு, கீழ வியாமலே ஆடுது.”

கேட்கிறவர்களுக்கு இது நல்ல முடிவாகத் தோன்றலாம். எனக்கும் அந்த நிமிஷம் அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆத்தாக்காரி வெடித்துவிட்டாள். “அது சாமிடி! அதுக்கு இன்னா, அபிசேகம் பண்ண ஆளு கீது, தூக்க ஆளு கீது. நீ மீன் கூட தூக்கணும், தண்ணி மொள்ளணும். நான் செத்தா உன்ன யாருடி தூக்குவா?” தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே என் பக்கம் திரும்பினாள். “ஊருல அல்லாரும் பொய் சொல்றாங்க. மீன் விக்கிற நானும் சொல்றேன், காலையில புடிச்சதுன்னு. ஆனா நான் உன்ன கேட்டேனே நைனா! பாத்தியான்னு மூஞ்சப் பாத்துக் கேட்டேனே!”



குருக்கள்தான் அர்ச்சனை செய்து வைத்தார். குழந்தையின் நட்சத்திரம் கேட்டார், ஆத்தாளுக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, ஸ்வாமிக்குத் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு அந்தக் கோயிலில் யோக்கியமாக நடந்துகொண்ட பெரியவர் அவர் ஒருத்தர்தான்.

திரும்பும்போது குழந்தையைத் தூக்கக் குனிந்தேன். ஆத்தாக்காரி என் கையைத் தட்டிவிட்டுத் தானே இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நாலு மைலும் அவளே தூக்கினாள். இடுப்பு மாற்றி, முதுகு மாற்றி, ஏரிக்கரையில் இரண்டு இடம், மண்டபத்தில் ஒரு இடம் இறக்கிவைத்து, மறுபடி தூக்கினாள். நான் காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தேன். கூடையையாவது கொடுத்தாளே என்று இருந்தது. ஸ்டேஷன் வந்து சேர இரண்டரை மணி நேரமாயிற்று. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எழும்பூரில் இறங்கும்போது குழந்தை மட்டும் புத்தகத்தை என்னிடம் நீட்டியது. “தப்பா கீறதுக்கெல்லாம் கோடு போட்டு வெச்சேன் மாமா.” பிரித்துப் பார்த்தேன். அந்த ஊருக்கான மூன்று பக்கத்தில் கோடு விழாத வரிகள் மிகக் குறைவு. ஓரத்தில் குண்டு குண்டாக ‘கெளுத்தி இல்ல’ என்று எழுதியிருந்தது.

இரண்டாம் பதிப்பு ஆறு மாசம் தாமதமாகத்தான் வந்தது. முதலாளி குதித்தார், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். பாரும் என்றேன். நாற்பது ஊரில் முப்பத்தொரு ஊருக்குத்தான் போக முடிந்தது; மிச்ச ஒன்பதை எடுத்துவிட்டேன். பாய் நடராஜருக்குப் புதுப் பிளாக் போட்டுக் கொடுத்தார், கூலி வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஊர்ப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘ஸ்டேஷனிலிருந்து நான்கு மைல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இரண்டரை மணி நேரம். ஏரி மதகில் ஒரு கெளுத்தி மீன் சிற்பம் இருக்கிறது, அவசியம் பார்க்கவும். நடராஜர் எங்கும் போல இடது காலைத் தூக்கி ஆடுகிறார்.’ குழந்தை விஷயம் கைடில் எதற்கு என்று முதலாளி அந்த வரியை அடித்தார். நான் திரும்ப எழுதினேன். மூன்று தடவை அடித்தார், மூன்று தடவையும் எழுதினேன். அச்சாகி வந்தது.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன். குழந்தை ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டது. ஆத்தாக்காரி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். குழந்தை அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தது. நாலு மைல், இரண்டரை மணி நேரம், கெளுத்தி, இடது கால். படித்து முடிக்கும்வரை கத்தி ஓடிக்கொண்டேயிருந்தது.

“இந்த முறை எல்லாம் பார்த்துத்தான் எழுதினேன் அம்மா” என்றேன்.

கத்தி நின்றது. அவள் திரும்பவில்லை.

“தெர்யும். நானுந்தானே கூட இருந்தேன்” என்றாள்.